வெயிலைத் தவிர்க்கக் கட்டிய வீட்டில் கீரை வளர்ப்பது

சிங்கப்பூரின் ஈசூனில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடி புளோக்கின் தாழ்வாரம் வடக்கு பார்த்தது. ஒன்பதாவது மாடி. குடிவந்த வருடம் அக்டோபரில் தேக்கா சந்தையிலிருந்து ஒரு கறிவேப்பிலைக் கன்று வாங்கி வந்து வாசலில் வைத்தோம். நல்ல மண், தவறாமல் தண்ணீர், மாதம் ஒருமுறை உரம். இருந்தும் புதுத் துளிர் வரவே இல்லை. டிசம்பருக்குள் பழைய இலைகளும் மஞ்சளாகி உதிர்ந்து குச்சி மட்டும் நின்றது. தூக்கிப் போட மனம் வரவில்லை, அப்படியே விட்டுவைத்தோம். ஏப்ரல் நடுவில் ஒரு நாள் காலையில் பார்த்தால், குச்சியின் கணுவில் அரிசிமணி அளவுக்கு ஒரு பச்சை. மே மாதம் முடிவதற்குள் ரசத்துக்குக் கிள்ளும் அளவுக்கு இலை வந்துவிட்டது. மண்ணும் தண்ணீரும் உரமும் பழையபடியேதான். மாறியிருந்தது வெயில்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.3 பாகையில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். அதனால் இங்கே பருவம் என்று ஒன்று கிடையாது, எப்போது வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் நடலாம் என்று பேச்சு. திறந்த நிலத்தில் அது ஓரளவு சரி. அடுக்குமாடித் தாழ்வாரத்தில் சரிப்படாது. மார்ச் பிற்பகுதியில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு வடக்கே சாயத் தொடங்குகிறது. ஜூனில் உச்சியிலிருந்து சுமார் 22 பாகை வடக்கே நிற்கும். செப்டம்பர் பிற்பகுதியில் மறுபடி உச்சியைக் கடந்து தெற்கே போகும். டிசம்பரில் சுமார் 25 பாகை தெற்கே. ஆக, வடக்கு பார்த்த தாழ்வாரத்துக்கு ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை நேர் வெயில், தெற்கு பார்த்ததற்கு மீதி ஆறு மாதம். நமக்கும் பருவம் உண்டு. அதை நாள்காட்டியில் தேட வேண்டாம், வாசல் எந்தத் திசை என்று பார்த்தால் போதும்.

இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரசாங்க அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பல பத்தாண்டுகளாகவே புளோக்குகளைப் பெரும்பாலும் வடக்கு தெற்காகப் பார்க்க வைத்துக் கட்டிவருகிறது. காலை வெயிலும் சாயங்கால வெயிலும் சுவரில் நேரே அறைந்தால் வீடு அடுப்பாகிவிடும் என்பதுதான் காரணம். மனிதருக்கு அது நல்ல ஏற்பாடு, அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். செடிக்கோ அதே ஏற்பாடு பெரிய சிக்கல். இந்நாட்டில் குடியிருப்போரில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டவர்கள் கழக வீடுகளில் இருக்கிறோம். வீட்டுத்தோட்டம் போடும் முக்கால்வாசிப் பேர், வெயிலைத் தவிர்ப்பதற்காகவே கட்டிய கட்டடத்தில் வெயிலைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். செடி வாங்கும்போது ‘என்ன வளர்க்க ஆசை’ என்று கேட்டுக்கொள்வதை விட, ‘என் வாசலில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது’ என்று கேட்டுக்கொள்வது பலமடங்கு உதவும்.

அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு விடுமுறை நாளில் காலை எட்டு மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று கைப்பேசியில் படம் எடுங்கள். தரையில் வெயில் எங்கே விழுகிறது, எங்கே விழவில்லை என்று சாயங்காலம் ஒன்றாகப் பார்த்தால் தெரிந்துவிடும். நாங்கள் எடுத்த படங்களில் ஒன்று கண்ணைத் திறந்தது. வெயிலுக்கு மிக அருகில் இருப்பதாக நினைத்து, கைப்பிடிச் சுவரை ஒட்டித் தரையில் வைத்திருந்த தொட்டிகள் எல்லாம் சுவரின் நிழலில் இருந்தன! நேர் வெயில் ஒரு முழம் தள்ளிச் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. மேல்மாடித் தளம் உச்சி வெயிலை மறைத்துவிடும், கைப்பிடிச் சுவர் கீழே மறைத்துவிடும். நடுவில் ஜன்னல் போல ஒரு பட்டை மட்டும்தான் நமக்குக் கிடைப்பது. தொட்டிகளை முட்டி உயர ஸ்டாண்டில் ஏற்றியதும் ஒரே மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது. ஸ்டாண்ட் எப்போதும் சுவரை விடத் தாழ்வாகவே இருக்க வேண்டும். சுவர் மேல் தொட்டி வைப்பதைக் கனவிலும் நினைக்க வேண்டாம். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியற்காலையில் ‘சுமத்ரா’ காற்று திடீரென்று அடிக்கும். ஒன்பதாவது மாடியிலிருந்து ஒரு மண் தொட்டி விழுந்தால் கீழே என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதேபோல, ஏறிப் பழகும் வயதில் குழந்தைகள் இருக்கும் வீட்டில் சுவர் ஓரமாக ஸ்டாண்டே வேண்டாம்.

அகலத்துக்கும் கணக்கு இருக்கிறது. தீ பிடித்தால் ஆட்கள் வெளியேறவும் தீயணைப்பாளர்கள் தூக்குப்படுக்கையுடன் உள்ளே வரவும் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி எப்போதும் விட்டிருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. எங்கள் தாழ்வாரத்தில் டேப் வைத்து அளந்தபோது, அதை விட்டால் மிஞ்சியது 40 சென்டிமீட்டர். ஒரு தொட்டி அகலம். இந்த 40 சென்டிமீட்டரும் சாய்வான வெயில் பட்டையும்தான் எங்கள் நிலம் என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் எங்களுக்குத் தோட்டமே உருப்பட்டது.

சரி, இந்த நிலத்தில் என்ன வரும்?

பொதுக் கணக்கு இது: காய் காய்க்க வேண்டுமானால் நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். இலைக்கு நான்கு மணி நேரம் போதும். அதற்கும் கீழே என்றால் நிழலைத் தாங்கும் செடிகள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தக்காளியில்தான் ஆரம்பிக்கிறார்கள், பெரும்பாலும் அதிலேயே மனம் நொந்து நிறுத்தியும் விடுகிறார்கள். தக்காளிச் செடி இங்கே நன்றாகவே வளரும், பூக்கவும் செய்யும். பூ உதிர்ந்துவிடும். இரவில் 20 பாகை செல்சியஸை ஒட்டிக் குளிர்ந்தால்தான் பெரிய தக்காளி வகைகள் ஒழுங்காகப் பிஞ்சு பிடிக்கும். சிங்கப்பூரில் இரவிலும் 25 பாகை அளவுக்குப் புழுக்கம். நாம் கடையில் வாங்கும் மலேசியத் தக்காளி பலவும் 1,500 மீட்டர் உயரத்துக் கேமரன் மலையிலிருந்து வருவதற்கு அதுதான் காரணம். பூ உதிர்ந்ததை உங்கள் கைராசிக் குறையாக நினைத்து வருந்த வேண்டாம். வெயில் தாராளமாக இருந்தால் செர்ரி தக்காளி போட்டுப் பாருங்கள், அது ஓரளவு வெக்கையைத் தாங்கும். கொத்தமல்லிக்கும் இதே கதைதான். வெக்கை கண்டதும் இலையை விட்டுவிட்டுப் பூத்துவிடும்.

வெப்பத்தையே விரும்பும் செடிகள் வேறு. தண்டுக்கீரையைப் பாருங்கள், சந்தையில் ‘பாயம்’ என்று கேட்டு வாங்குகிறோமே, அதே இனம். வெக்கையிலும் வலுத்த ஒளியிலும் வீணாக்காமல் உணவு தயாரிக்கும் வகைச் செடி அது. சோளமும் கரும்பும் அதே வகைதான். விதை தூவி மூன்று நான்கு வாரத்தில் அறுக்கலாம். கங்கோங் என்னும் வள்ளைக்கீரை இன்னும் எளிது. சமையலுக்கு வாங்கிய கீரைக்கட்டின் அடித்தண்டைத் தண்ணீரில் நிறுத்தினால் சில நாளில் வேர் விடும், பிறகு மண்ணில் ஊன்றிவிடலாம். சர்க்கரைவள்ளிக் கொடியின் இலையும் அப்படியே. நேர் வெயில் குறைந்த பக்கத்துக்குப் பொன்னாங்கண்ணி, வல்லாரை, ரம்பை, கற்பூரவள்ளி. மிளகாய்க்கு வெயில் வேண்டும். ஆனால் தன் பூவிலேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும் என்பதால் வண்டு வராத மாடியிலும் காய்க்கும், போகிற போக்கில் செடியை லேசாக ஆட்டிவிட்டால் போதும். பூசணியும் வெள்ளரியும் அப்படியல்ல. அவற்றில் பலவற்றுக்கு ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. உயர மாடியில் தேனீ வராவிட்டால் காலையில் நாமே ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவ வேண்டியிருக்கும்.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று தெரியும். எதுவுமே பேரங்காடியில் குளிர்ப்பெட்டியில் அடுக்கியிருக்கும் சாலட் இலை இல்லை. எல்லாம் பாட்டிமார் கொல்லையில் இருந்தவை. அதோடு, நம் பாட்டிமாருக்கு மட்டும் சொந்தமானவையும் இல்லை. எங்கள் மாடியில் நான்கு வீடு தள்ளி இருக்கும் மலாய் மக்சிக் (அத்தை வயதுப் பெண்மணி) வல்லாரையைப் ‘பெகாகா’ என்பார், பச்சையாகச் சம்பாலுடன் சாப்பிடுவார். நாங்கள் துவையல் அரைப்போம். வெற்றிலை அவருக்குச் ‘சிரே’, முருங்கை ‘மெருங்கை’. ரம்பையைப் பாண்டான் என்று இருவருமே சொல்கிறோம். முதன்முதலில் அவர் ஒரு குச்சியை ஒடித்துக் கொடுத்து, “இதை ஊன்று, சாயுர் மானிஸ்” என்றார். வளர்ந்த பிறகு பார்த்தால், அது ஊரில் தவசிக்கீரை என்று சொல்கிறோமே, அதேதான். குச்சியை ஊன்றினால் வரும், பாதி நிழலிலும் சளைக்காது. முட்டை போட்டு வதக்கினால் பட்டாணி வாசனை லேசாக வரும். ஓர் எச்சரிக்கை மட்டும்: தவசிக்கீரையைச் சமைத்துத்தான் சாப்பிட வேண்டும். 1990-களில் தைவானில் உடல் மெலிவதற்காக இதைப் பச்சைச் சாறாக அதிகம் குடித்த பலருக்கு நுரையீரல் கெட்டுப்போனது.

அடுத்தது கொசு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சிங்கப்பூரில் செடி வளர்ப்பவரின் முதல் பொறுப்பு இதுதான் என்று நான் நம்புகிறேன். 2020-ல் மட்டும் இங்கே 35,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்தது. ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் சுத்தமான தண்ணீரில்தான் முட்டை இடுகிறது. முட்டை பொரித்துக் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். கொசுவை ஒழிக்க தேசிய சுற்றுப்புற வாரியம் சொல்லித்தரும் ஐந்து வேலைகளில் முதல் இரண்டுமே தொட்டி பற்றியவை: இறுகிய மண்ணைக் கிளறிவிடுவது, தொட்டித் தட்டைத் தூக்கித் தண்ணீரைக் கொட்டுவது. பூச்சாடித் தண்ணீரை மாற்றுவதையும் சேர்த்தால் ஐந்தில் மூன்று. வீட்டில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் 200 வெள்ளி அபராதம்.

இறுகிய மண் எப்படிக் கொசு வளர்க்கும் என்று எனக்கு முதலில் புரியவில்லை. ஒரு நாள் பார்த்தேன். நாங்கள் ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்திருந்தோம், சாரல் நன்றாக அடித்திருந்தது. பழைய மிளகாய்த் தொட்டியின் மேல்மண் சிமெண்ட் போல் இறுகி, ஓரத்தில் ஒரு குழி விழுந்திருந்தது. குழியில் இரண்டு மூன்று தேக்கரண்டித் தண்ணீர்தான் இருக்கும். குனிந்து பார்த்தால் அதில் ஏழெட்டுப் புழுக்கள், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, என் நிழல் பட்டதும் நெளிந்து அடியில் இறங்கின. அன்றே எல்லாத் தட்டுகளையும் எடுத்துவிட்டோம். இப்போது தண்ணீர் ஊற்றும் அளவைக் குறைத்து, மண்ணில் தென்னை நார்த்தூளைக் கலந்து, வாரம் ஒருமுறை பழைய முள்கரண்டியால் கிளறிவிடுகிறோம். தட்டு இல்லாமல் முடியாது என்றால் தட்டில் மணல் நிரப்பி வைக்கலாம். மழைத்தண்ணீரைத் திறந்த வாளியில் பிடித்து வைக்கும் ஊர்ப் பழக்கத்தை இங்கே விட்டுவிடத்தான் வேண்டும்.

இவ்வளவு தொல்லைப்பட்டு எதற்கு வளர்க்க வேண்டும், அரசாங்கமும் ஏன் வளர்க்கச் சொல்கிறது என்ற கேள்வி இயல்பானது. சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. இந்த ஊர் பசியில் மண்ணைக் கிளறிய காலமும் உண்டு. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி தட்டுப்பட்டபோது, கிடைத்த இடத்தில் எல்லாம் உணவுப் பயிர் போடச் சொன்னார்கள். மக்கள் மரவள்ளிக் கிழங்கையும் சர்க்கரைவள்ளியையும் நட்டு உயிர் பிழைத்தார்கள். அந்தத் தலைமுறைப் பெரியவர்களில் சிலர் பிறகு மரவள்ளியைத் தொடவே இல்லை. அப்புறம் வந்த பசுமை வேறு வகை. 1963 ஜூன் 16-ஆம் தேதி ஃபேரர் சர்க்கஸில் அப்போதைய பிரதமர் லீ குவான் யூ ஒரு மெம்பாட் மரக்கன்றை நட்டார். 1967-ல் ‘பூந்தோட்ட நகரம்’ என்ற கனவு அறிவிக்கப்பட்டது. சாலையோரம் நிழல் மரங்கள் எழுந்தன. அதே ஆண்டுகளில் கம்பத்து (கிராமத்து) வீடுகள் போய் அடுக்குமாடிகள் வந்தன, கொல்லைத் தோட்டங்களும் கூடவே போயின. ஊர் பச்சையானது, ஆனால் கீரை பறிக்கும் பச்சை குறைந்தது.

அது மெல்லத் திரும்பி வரத் தொடங்கியது 2005-ல். தேசியப் பூங்காக் கழகம் ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தில் குடியிருப்புகளுக்கு நடுவே சமூகத் தோட்டங்களை ஊக்குவித்தது. 2016-ல் ஹார்ட்பார்க்கில் வாடகைத் தோட்டப் பாத்திகள் வந்தன: 2.5 மீட்டருக்கு 1 மீட்டர், மூன்று ஆண்டுக் குத்தகை, குலுக்கல் முறையில் கிடைக்கும். பிறகு மற்றப் பூங்காக்களுக்கும் அது பரவியது. 2020 மார்ச்சில் மலேசியா நடமாட்டக் கட்டுப்பாடு அறிவித்த இரவு, இங்கே கடைகளில் காய்கறி அடுக்குகள் காலியானதை நினைத்துப் பாருங்கள். அதே ஆண்டு ஜூனில் பூங்காக் கழகம் வீடுகளுக்கு இலவச விதைப் பொட்டலங்கள் அனுப்பத் தொடங்கியது, நூறாயிரக்கணக்கான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. 2030-க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே விளைவிக்க வேண்டும் என்று 2019-ல் வைத்த இலக்கு எட்ட முடியாமல் போய், 2025 நவம்பரில் மாற்றப்பட்டது. இப்போதைய இலக்கு 2035-க்குள் நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு, புரத உணவில் 30 விழுக்காடு. உள்ளூர்ப் பண்ணைகள் தரும் காய்கறி, நாம் சாப்பிடுவதில் 2024-ல் சுமார் 3 விழுக்காடுதான்.

இந்த 3 விழுக்காட்டை என் 40 சென்டிமீட்டர் உயர்த்திவிடாது. அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பணம் மிச்சமாகும் என்பதும் பெரும்பாலும் உண்மையில்லை. மண், தொட்டி, உரம் எல்லாம் கணக்கில் எடுத்தால் கீரைக்கட்டு சந்தையில்தான் மலிவு. கறிவேப்பிலை, மிளகாய், ரம்பை, எலுமிச்சைப்புல் இவை மட்டும் கணக்குக்குக் கட்டுப்படும். ஒரு தாளிப்புக்குப் பத்து இலை வேண்டும் என்றால் பொட்டலமே வாங்க வேண்டும், மீதி குளிர்ப்பெட்டியில் கருத்துப்போகும். செடி இருந்தால் பத்து இலைதான் கிள்ளுவோம்.

எனக்குக் கிடைத்த பெரிய மாற்றம் சமையலறைக்குள். சொந்தமாக வளர்த்த கீரையை யாரும் வீணாக்குவதில்லை. அடித்தண்டைக் கூடக் கூட்டில் போடுகிறோம். தோல், காம்பு, முட்டை ஓடு, காப்பித் தூள் எல்லாவற்றையும் குப்பையில் போடும் கை தானாகவே தயங்க ஆரம்பித்தது. இங்கே வீட்டுக் குப்பை எரிக்கப்பட்டு, சாம்பல் செமக்காவ் தீவுக்குப் போகிறது. 1999-ல் திறந்த அந்தக் குப்பை நிலம் 2035-க்குள் நிரம்பிவிடும் என்று சொல்கிறார்கள். வீட்டுக்குள் எரு போடுவதென்றால் காய்ந்த இலையும் கிழித்த அட்டையும் ஈரக் கழிவை விட அதிகம் சேர்க்க வேண்டும், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், மீன் இறைச்சி கூடாது. இல்லையென்றால் கரப்பான் வந்துவிடும், அடுத்த வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். எங்களுக்கு அது கைவர மூன்று முயற்சி ஆனது. இப்போது மிஞ்சுவதைக் கீழே சமூகத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

அந்தத் தோட்டத்தை இரண்டு புளோக்குகளின் மூத்தோர் பார்த்துக்கொள்கிறார்கள். புல்தரையில் அவரவர் இஷ்டத்துக்குச் செடி ஊன்ற அனுமதியில்லை, வேலி போட்ட தோட்டத்துக்குள் குழுவாகச் செய்யலாம். அங்கே வெண்டைக்குப் பொறுப்பாக இருக்கும் பாட்டி எதிர் புளோக்கில் ஏழாவது மாடியில் இருக்கிறார். கறிவேப்பிலை குச்சியான கதையை அவரிடம் சொன்னபோது, “தம்பி, எங்க வாசல் தெக்கே பாத்தது. அக்டோபர்லேருந்து வெயில் கொட்டும். ஒங்க செடிய அப்ப இங்க கொண்டாந்து வையுங்க” என்றார். “ஏப்ரல்ல ஏஞ் செடியெல்லாம் வாடிப் போவுது, அத நீங்க எடுத்துட்டுப் போங்க” என்றும் சேர்த்துச் சொன்னார்.

அதைத்தான் மூன்று வருடமாகச் செய்துவருகிறோம். செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, சந்தைக்குப் போகும் தள்ளுவண்டியில் இரண்டு கறிவேப்பிலைத் தொட்டி, ஒரு மிளகாய்த் தொட்டியை ஏற்றி, மின்தூக்கியில் இறங்கி, எதிர் புளோக்குக்குத் தள்ளிக்கொண்டு போவேன். தொட்டித் தட்டு எதுவும் கூடப் போகாது, அது பாட்டி போட்ட சட்டம். திரும்பும்போது வண்டியில் அவருடைய வல்லாரையும் ரம்பையும் இருக்கும். அவை நிழலில் தாங்கும், ஏப்ரல் வரை எங்கள் வடக்கு வாசல் அவற்றுக்குப் போதும்.